அரியலூர்ப் பக்கம் கிடைப்பது நத்தையா, அம்மோனைட்டா?

அரியலூர், பெரம்பலூர் வட்டாரம் கிரிட்டேசியஸ் காலத்தில் கடலடியில் கிடந்தது. அந்தக் காலம் முடிந்தே 6.6 கோடி ஆண்டுகள் ஆகின்றன. அங்கே காரை என்ற ஊர்ப் பக்கம் போகிறவர்கள் சுருள் சுருளாக எந்தப் புதைபடிவத்தை (கல்லில் பதிந்து நின்ற பழைய உயிரின் மிச்சம்) பார்த்தாலும் "நத்தை" என்பார்கள். பாதி நேரம் அது அம்மோனைட், அதாவது கணவாய் மீனின் உறவு.

தரையில் வைத்துப் பாருங்கள். தட்டையாக, கயிற்றைச் சுற்றி வைத்ததுபோல் இருந்தால் பெரும்பாலும் அம்மோனைட். உடைந்த இடத்தில் குறுக்குச் சுவர்கள் தெரிந்தால் சந்தேகமே வேண்டாம். நத்தைக்குக் கூம்பு எழும்பியிருக்கும், உள்ளே தடுப்பே இல்லாத ஒரே குழாய். கூர்முனையை மேலே வைத்தால் வாய் பெரும்பாலும் வலப்பக்கம் வரும். (நாம் கொண்டாடும் வலம்புரிச் சங்கு இதற்கு நேர் எதிர். நாம் அதைத் தலைகீழாகப் பிடித்துப் பெயர் வைத்துவிட்டோம்!)

சில சமயம் ஓடு கரைந்துபோய், உள்ளே புகுந்து இறுகிய சேறு மட்டும் திருகாணிபோலக் கிடைக்கும். அதுவும் புதைபடிவம்தான், எறிந்துவிடாதீர்கள்.

தோண்ட வேண்டாம். சுண்ணாம்புக்கல் சுரங்கத்துக்குள் அனுமதி இல்லாமல் போகவே கூடாது. எடுக்கும் முன் இருந்த இடத்திலேயே ஒரு படம் எடுங்கள். எடுக்கலாம் என்ற இடத்தில் எடுத்ததை, பழைய பல்துலக்கியால் தேய்த்தால் போதும். வினிகர், எலுமிச்சை பக்கம் போகாதீர்கள், ஓடு சுண்ணாம்பு, கரைந்துவிடும். அப்புறம், இடமும் தேதியும் எழுதிய சீட்டைக் கூடவே வையுங்கள்.