நீண்ட வார விடுமுறையைத் திட்டமிடும் முறை

மூன்று நாள் விடுமுறைக்கு முந்தைய மாலையிலேயே துணி துவைத்தல், கட்டணங்கள் செலுத்துதல், அன்றாட மருந்துகளை வாங்கி வைத்தல் போன்றவற்றை முடித்துவிட வேண்டும். பின்னர் வீட்டார் அனைவரும் ஒன்றாக அமர்ந்து, ஊரில் நடைபெறும் கண்காட்சி, விளையாட்டுப் போட்டி, நூலக நிகழ்ச்சி ஆகியவற்றின் நேரத்தையும், முன்பதிவு தேவையா என்பதையும், விடுமுறை நாளில் பேருந்துகள் வழக்கம்போல் ஓடுமா என்பதையும் விசாரித்துக்கொண்டு, நாளொன்றுக்கு ஒரே ஒரு நிகழ்ச்சியைத் தேர்ந்தெடுப்பது நல்லது. இரண்டைச் சேர்த்தால் சிறு குழந்தைகளும் முதியவர்களும் களைத்துப்போவார்கள். ஒரு நாளுக்கான தேர்வையாவது பிள்ளைகளிடம் விட்டுவிடலாம் (பெரியவர்கள் அஞ்சுவதுபோல் அவர்கள் எப்போதும் செலவு மிகுந்த இடத்தையே கேட்பதில்லை). கடைசி நாள் பிற்பகலில் வெளியே செல்லாமல், வீட்டுப்பாடத்தையும் மறுநாளைக்கான உடைகளையும் கவனித்துவிட்டு, வழக்கமான நேரத்தில் உறங்கச் செல்ல வேண்டும்.