லங்காஷயர் பருத்தி ஆலைகளின் பழைய கூலி அட்டவணைகளை வாசிக்கும் முறை

1830களின் ஆங்கிலேய ஆலைக் கூலி அட்டவணையைக் கையில் எடுத்ததும் முதலில் நாணயத்தைச் சரிபார்க்க வேண்டும்: 12 பென்ஸ் ஒரு ஷில்லிங், 20 ஷில்லிங் ஒரு பவுண்டு, தொகை பெரும்பாலும் வாரக் கூலியாகவே இருக்கும்.

அடுத்து, கூலியை யார் கொடுத்தார்கள் என்று பார்க்க வேண்டும். பலரும் தவறுவது இங்கேதான். மியூல் இயந்திரத்தில் நூற்பவருக்கு நூற்ற அளவுக்கேற்பக் கூலி; அறுந்த இழையை ஒட்டும் சிறுவர்களுக்கு (நம் ஊர் மில்களில் சைடர் எனப்படும் தொழிலாளி செய்யும் வேலைக்கு நெருக்கமானது) பல ஆலைகளில் அவரே தம் கையிலிருந்து கொடுத்தார். அவர் பெயருக்கு எதிரே 40 ஷில்லிங் இருந்து, மூன்று சிறுவர்களுக்கு 15 ஷில்லிங் போனதாக வைத்துக்கொண்டால், அவருக்கு மிஞ்சியது 25 ஷில்லிங்தான். ஆலைக் கணக்கில் அந்தச் சிறுவர்கள் இடம்பெறாமலே போகக்கூடும்.

வயதுப் பத்தியை அப்படியே நம்பக் கூடாது. 1833ஆம் ஆண்டுச் சட்டம், பட்டாலைகள் நீங்கலாக, 9 வயதுக்குட்பட்டோரை நூலாலைகளில் வேலைக்கு வைக்கத் தடை விதித்து, 13 வயதுக்குட்பட்டோருக்கு வாரத்துக்கு 48 மணி நேரமும் 18 வயதுக்குட்பட்டோருக்கு 69 மணி நேரமும் வரம்பாக்கியது. ஆனால் அரசுப் பிறப்புப் பதிவு இங்கிலாந்தில் 1837இல்தான் தொடங்கியதால், மருத்துவர் உடல் தோற்றத்தைப் பார்த்தே வயதைச் சான்றளித்தார்.

மொத்தச் சராசரியை ஒதுக்கிவிட்டு, ஆண், பெண் கூலியை வயதுவாரியாகப் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். சிறுவயதில் ஏறக்குறைய ஒன்றாக ஓடும் இரு வரிசைகளும் 16 வயதையொட்டிப் பிரியத் தொடங்கும்.