ஆராய்ச்சிக் கேள்வியை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள்

ஆஸ்திரேலியப் பல்கலைக்கழகம் ஒன்றில் இருக்கிறீர்கள், ஒரு அபோரிஜினல் (அந்த நாட்டின் ஆதிக்குடி) சமூகத்தோடு பத்துப் பதினைந்து வருடம் சேர்ந்து வேலை செய்ய ஆசைப்படுகிறீர்கள் என்றால், முதல் பயணத்தில் திட்டம் எதையும் கொண்டுபோகாதீர்கள். கேள்வி அவர்களிடமிருந்து வரட்டும்.

மேற்கு ஆஸ்திரேலியாவின் ஃபிட்ஸ்ராய் பள்ளத்தாக்கில் அப்படித்தான் நடந்தது. 2007-இல் மதுவுக்குக் கட்டுப்பாடு கேட்டுப் போராடி வாங்கிய அந்த ஊர்ப் பெண்கள், கருவிலேயே மதுவால் பாதிக்கப்பட்ட பிள்ளைகள் எத்தனை பேர் என்று தெரிந்தாக வேண்டும் என்று முடிவெடுத்து, சிட்னி பல்கலைக்கழகத்தையும் ஜார்ஜ் இன்ஸ்டிட்யூட் என்ற மருத்துவ ஆராய்ச்சி நிறுவனத்தையும் சேர்த்துக்கொண்டார்கள். திட்டத்துக்கு லிலில்வன் என்று பெயர். அந்தப் பகுதியில் பேசும் கலப்பு மொழியான கிம்பர்லி கிரியோலில் 'சின்னப் பிள்ளைகள் எல்லாரும்' என்று பொருள். வெளியூர் டாக்டர்கள் தாங்களாகப் போய் இதையே கேட்டிருந்தால் எந்தத் தாய் வாய் திறந்திருப்பாள்?

அபோரிஜினல் மக்கள் ஆராய்ச்சியாளர்களிடம் தயங்குவதற்குக் காரணம் உண்டு. 1974-இல் நியூ சவுத் வேல்ஸின் முங்கோ ஏரிப் பக்கம் கிடைத்த, சுமார் 42,000 வருடப் பழமையான ஒரு மனிதரின் எலும்புகளை, அந்த மண்ணின் மக்களைக் கேட்காமலே கான்பெராவுக்கு எடுத்துப்போனார்கள். பல்கலைக்கழகத்தில் பல வருடம் கிடந்தவர் 2017 நவம்பரில்தான், 8,000 வருடப் பழைய ரெட் கம் என்ற யூகலிப்டஸ் மரத்தில் செய்த பெட்டியில் ஊர் திரும்பினார். நீங்கள் வாசலில் போய் நிற்கும்போது இந்த நினைவும் உங்கள் கூடவே நிற்கும்.

முதல் வருடம் முழுக்கப் பழகுவதற்கே என்று வைத்துக்கொள்ளுங்கள். சமூகமே நடத்தும் மருத்துவ சேவை, நில உரிமைக்காகச் செயல்படும் நில கவுன்சில், மூத்தோர் என்று எல்லாரையும் பாருங்கள். ஒருவர் சரி என்றால் ஊரே சரி என்றதாக எடுத்துக்கொள்ளாதீர்கள், ஒரே ஊரில் நாலைந்து மொழிக்காரர்கள் இருக்கலாம், யார் எந்த நிலத்துக்காகப் பேசலாம் என்பதற்கு அவர்களிடமே முறை இருக்கிறது.

பத்து மணிக்குக் கூட்டம் என்று பேசி, விடியுமுன் கிளம்பி முந்நூறு கிலோமீட்டர் ஓட்டிப் போயிருப்பீர்கள். போனால் அலுவலகம் பூட்டிக் கிடக்கும். சாவு விழுந்திருக்கிறது, அந்தத் துக்க காலத்தை அவர்கள் 'சாரி பிசினஸ்' என்பார்கள், அது நாள்கணக்கிலும் போகும், வாரக்கணக்கிலும் போகும். அடுத்த தேதி எப்போது என்று கேட்காதீர்கள். துக்கம் சொல்லிவிட்டுத் திரும்புங்கள். இறந்தவர் பெயரை உச்சரிப்பதைப் பல ஊர்களில் தவிர்ப்பார்கள், அவர் படம் உங்கள் ஸ்லைடில் இருந்தால் குடும்பத்தார் சரி என்று சொல்லும்வரை எடுத்துவிடுங்கள். அன்றைக்கு நீங்கள் எப்படி நடந்துகொண்டீர்கள் என்பதை ஊர் மறக்காது.

அப்புறம் பணம். மூத்தவர் ஒருவர் அரை நாள் உட்கார்ந்து சொல்லித் தருவது நிபுணரின் வேலை, அதற்கு நிபுணருக்கான சம்பளத்தை பட்ஜெட்டிலேயே எழுதிவிடுங்கள். உள்ளூர் ஆராய்ச்சியாளர்களையும் டீ பிஸ்கட்டோடு அனுப்பாமல் முறைப்படி வேலைக்கு எடுங்கள்.

ஒப்பந்தத்தில் நான் விட்டுக்கொடுக்கவே கூடாது என்று நினைப்பது தரவு. பதிவுகள் யாருக்குச் சொந்தம், எங்கே இருக்கும், ஆண்கள் மட்டுமோ பெண்கள் மட்டுமோ கேட்க வேண்டியவை எவை, பேசியவர் பின்னால் மனம் மாறினால் என்ன செய்வது, எல்லாம் எழுத்தில் இருக்கட்டும். ஆதிக்குடிகள் பற்றிய ஆய்வுக்கான தேசிய அமைப்பான அயட்சிஸ் (AIATSIS) நிறுவனத்தின் 2020 ஆராய்ச்சி நெறிமுறையைப் படித்துவிட்டு உட்காருங்கள். கட்டுரையில் பெயர் போடுவதையும் அப்போதே பேசுங்கள். நாட்டின் வடக்கே ஆர்னம் லேண்டில் யோல்ங்கு என்ற ஆதிக்குடியைச் சேர்ந்த ஒரு குடும்பத்தோடு வேலை செய்யும் மக்குவாரி, நியூகாசில் பல்கலைக்கழகக்காரர்கள் 'பவாக்கா கன்ட்ரி' என்று அந்த நிலத்தையே முதல் ஆசிரியராகப் போடுகிறார்கள். நிலம்தான் சொல்லிக்கொடுக்கிறது என்று குடும்பம் சொன்னதை அவர்கள் அப்படியே ஏற்றுக்கொண்டார்கள்.

முடிவுகள் பத்திரிகைக்குப் போகுமுன் ஊருக்குப் போகட்டும், அவர்கள் மொழியில், அவர்கள் கூடும் இடத்தில். தப்பு என்றால் திருத்துங்கள், இது வெளியே போகக்கூடாது என்றால் போகக்கூடாதுதான்.

பெரும்பாலான மானியம் மூன்று நான்கு வருடத்தில் தீர்ந்துபோகும், பேராசிரியர் வேறு ஊருக்கு மாறிப்போவார், அதோடு உறவும் அறுந்துவிடும். எனவே ஆராய்ச்சிப் பணத்தை நம்பாமல் பயணச் செலவுக்குத் துறையின் சொந்தக் கணக்கில் ஒதுக்கச் சொல்லுங்கள். நீங்கள் விலகப்போகிறீர்கள் என்றால் ஒரு வருடம் முன்பே அடுத்தவரைக் கூட்டிக்கொண்டு போய், அவர் யார், எந்த ஊர், யார் வீட்டுப் பிள்ளை என்று அங்கே கேட்பதற்கெல்லாம் அவரையே பதில் சொல்ல விட்டு, நீங்கள் ஓரமாக உட்காருங்கள்.