சரியும் மலைச்சாலைக்குச் சுவர் கட்டுவதற்கு முன் செய்ய வேண்டியவை

2009 நவம்பரில் நீலகிரியின் கேத்தியில் ஒரே நாளில் 82 செ.மீ. மழை கொட்டியபோது, மாவட்டம் முழுவதும் எண்ணற்ற இடங்களில் மண் சரிந்தது. மலைச்சாலைப் பணிக்குப் புதிதாக வரும் இளம் பொறியாளர்களுக்காக, மண் பரிசோதனையின் அடிப்படை தெரியும் என்ற எண்ணத்தில் இதை எழுதுகிறேன்.

முதலில் சரிவின் தலைப்பகுதிக்கு ஏறுங்கள். சாலையில் நின்று, விழுந்த மண்ணைப் படம் பிடிப்பதால் பயனில்லை. மேலே வெடிப்பு இருந்தால் அதன் இருபுறமும் முளை அடித்து, இடைவெளியை வாரந்தோறும் அளந்து குறித்துவையுங்கள். வெடிப்பைக் களிமண்ணால் அடைத்து, அதன்மேல் தார்ப்பாய் விரிப்பதை அன்றே செய்துவிட வேண்டும். சரிந்த மண்ணை அடிவாரத்திலிருந்து ஜேசிபியால் அவசரமாக அள்ளக் கூடாது. மேலே உள்ள மண்ணை அதுவே தாங்கிக்கொண்டிருக்கலாம்.

அடுத்து, துளையிட்டு நிலத்தடி நீர்மட்டத்தை அறிய வேண்டும். எனக்கு அதிகம் பிடிபடாமல் இருந்த கட்டம் இதுவே. மார்ச்சில் எடுத்த அளவை வைத்து வடிவமைத்தால் கணக்கு பொய்யாகிவிடும். குன்னூர், கோத்தகிரிப் பக்கம் வடகிழக்குப் பருவமழையின்போதும், கூடலூர்ப் பக்கம் தென்மேற்குப் பருவமழையின்போதும் அளவு எடுத்தே தீர வேண்டும். விலையுயர்ந்த மின்னணுக் கருவியைவிட, அடியில் துளையிட்ட சாதாரண பிவிசி குழாயையே நான் பரிந்துரைப்பேன். அது பழுதானால் யாரும் சரிசெய்துவிடலாம்.

இவ்வளவு வலியுறுத்தக் காரணம் உண்டு. 3 மீட்டர் உயரச் சுவரின் பின்னால் உராய்வுக் கோணம் (மண் துகள்கள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்காமல் நிற்கும் திறனின் அளவு) 30 பாகையுள்ள உலர்ந்த மணல் இருந்தால், ஒரு மீட்டர் நீளத்துக்குச் சுமார் 2.7 டன் தள்ளுவிசை வரும். அதே இடத்தில் நீர் உச்சிவரை தேங்கினால், நீர் மட்டுமே சுமார் 4.5 டன் தள்ளும். நீரில் மூழ்கிய மண்ணின் விசையையும் சேர்த்தால் மொத்தம் உலர்ந்த மணலின் தள்ளுவிசையைப் போல் இருமடங்கைத் தாண்டிவிடும்.

ஆகவே வடிகாலே முதல் சிகிச்சை. தலைப்பகுதியில் மழைநீரை மறித்துத் திருப்பும் கால்வாய் வெட்டி, உள்ளே ஊறும் நீரை வெளியேற்ற, வாய்ப்பகுதி தாழ்ந்திருக்கும்படி 5 முதல் 10 பாகைச் சாய்வில் துளைக்குழாய்களைச் செருகுங்கள். குழாயைச் சுற்றி வடிகட்டித் துணி அவசியம். ஆனால் குழாயின் வாயருகே உள்ள பகுதியில் துளையே இருக்கக் கூடாது. இருந்தால் வந்த நீர் மீண்டும் மண்ணுக்குள் போய்விடும். அதன்பிறகுதான் சுவரா, கம்பி செருகி மண்ணைப் பிணைப்பதா என்ற கேள்வி வர வேண்டும். சுவரே என்றாலும், பின்னால் ஜல்லி வடிகட்டியும், சுவரில் நீர் கசியும் துளைகளும் இல்லாமல் கட்டாதீர்கள்.

பின்சேர்க்கை: குழாயில் கலங்கல் நீர் வருகிறதே என்று வாசகர் ஒருவர் கேட்டிருந்தார். முதல் மழையில் சிறிது கலங்கல் இயல்பானதே. ஆனால் தொடர்ந்து வந்தால் வடிகட்டி தோற்று, நுண்மண் அரித்துக்கொண்டு போகிறது என்று பொருள். அந்தக் குழாயைக் கழற்றிப் புதிய துணியுடன் மாற்றுங்கள். வாயை அடைத்துவிட்டால் நீர்மட்டம் உள்ளே ஏறிவிடும்.