இணையத்தில் சட்ட உதவி கேட்குமுன் ஒரு பக்கத் தேதிக் குறிப்பு

வழக்கறிஞர் இல்லாமல் இணையவழியில் இலவசச் சட்ட ஆலோசனை கேட்பவர்கள், நடந்ததையெல்லாம் கதையாக எழுதாமல், ஒரே பக்கத்தில் தேதிவாரியாகக் குறித்து, அதன் முதல் வரியில் அடுத்த விசாரணை நாளையோ பதில் தாக்கல் செய்ய வேண்டிய கடைசி நாளையோ எழுதி, முடிவில் ஒரே ஒரு கேள்வியைக் கேட்டு அனுப்புவது நல்லது. ஆலோசனை சொல்பவர் முதலில் தேடுவது நியாயம் யார் பக்கம் என்பதையல்ல, காலக்கெடு மிச்சமிருக்கிறதா என்பதைத்தான். அது கடந்துவிட்டால் வலுவான வழக்கும் எடுபடாமல் போகலாம். பல நடைமுறைகளில் கெடு, நோட்டீஸில் அச்சிட்ட தேதியிலிருந்து அல்லாமல் அது கைக்கு வந்த நாளிலிருந்தே எண்ணப்படுவதால், இரண்டையும் தனித்தனியே குறிப்பிட வேண்டும் (பலரும் கிழித்தெறியும் தபால் உறையின் முத்திரை இதற்குச் சான்றாக உதவலாம்). "வீட்டு உரிமையாளர் ஏமாற்றுக்காரர்" என்ற வரியைவிட, "மார்ச் 3: முன்பணத்தைத் தர மறுத்து வாட்ஸ்அப்பில் பதில் அனுப்பினார், படம் 2" என்ற வரியே பயன்படும்.

கைது, குடும்ப வன்முறை, மறுநாளே விசாரணை போன்ற அவசரங்களில் இணையப் பதிலுக்குக் காத்திராமல், காவல்துறை, நீதிமன்றம், வழக்கறிஞர் என உரிய இடத்தை நேரில் அல்லது தொலைபேசியில் அணுக வேண்டும். எதிர்த்தரப்பும் படிக்கக்கூடிய பொதுவெளியில் இந்தப் பக்கத்தைப் பதிவிடக் கூடாது. அங்கே எழுதியது பின்னர் எழுதியவருக்கு எதிராகவே சான்றாகக் காட்டப்படலாம்.