வெள்ளாட்டுக்குப் புழு மருந்து கொடுக்கும் முன் இமையைப் பாருங்கள்

தென்னாப்பிரிக்காவின் டர்பனுக்கு வடக்கே வெருலம், டொங்காட் பக்கங்களில் வீட்டுக் கொல்லையில் பத்துப் பதினைந்து வெள்ளாடுகள் வளர்ப்பவர்களைத் தேடி ஈஸ்டரை ஒட்டிய மாரியம்மன் திருவிழாவுக்கு ஆடு வாங்க வருவோர் பலர். ஆனால் அக்டோபர் முதல் மார்ச் வரை பெய்யும் கோடை மழையில் குடற்புழு பெருகி, ஆடுகள் மெலிந்து நிற்பதும் அந்தச் சமயத்தில்தான்.

இங்குள்ள பண்ணையாளர்கள் வயர்வார்ம் என்று சொல்லும் ஹீமான்கஸ் புழுவே இவற்றுள் மிகக் கொடியது. ஆட்டின் நான்காம் இரைப்பையில் ஒட்டிக்கொள்ளும் ஒவ்வொரு புழுவாலும் நாளொன்றுக்கு ஏறத்தாழ 0.05 மில்லி இரத்தம் வீணாகிறது. ஆயிரம் புழுக்கள் இருந்தால் அது 50 மில்லி. ஒரு பெண்புழு நாளுக்கு 5,000 முட்டைகளுக்கு மேல் இடும். வெப்பமும் ஈரமும் கூடினால் ஒரு வாரத்துக்குள் இளம்புழுக்கள் புல்லில் ஏறிவிடுகின்றன. ஆடு அவற்றை மேய்ந்த மூன்று வாரங்களில் அவையும் முட்டையிடத் தொடங்குகின்றன. இந்தப் புழுவால் பெரும்பாலும் கழிச்சல் ஏற்படுவதில்லை. புழுக்கை உருண்டையாகவே விழுவதால் நாமும் ஏமாந்துவிடுகிறோம். பால் குறைவதும், குட்டி எடை ஏறாமல் நிற்பதும், பிறகு கீழ்த்தாடையில் நீர்கோத்து வீங்குவதும்தான் அடையாளங்கள்.

இரத்தம் குறைந்தால் இமையின் உட்பக்கம் வெளுக்கும், எனவே இமையைப் பாருங்கள். இமையின் நிறத்தை 1 முதல் 5 வரை ஒப்பிட்டுப் பார்க்கும் ஃபமாச்சா அட்டை தென்னாப்பிரிக்காவிலேயே உருவானது. அதை வகுத்த கால்நடை மருத்துவர் ஃபாஃபா மலானின் பெயரே அதற்கும் அமைந்தது. நிழலில் பார்த்தால் நிறம் ஏமாற்றும் என்பதால் ஆட்டை வெளிச்சத்தில் நிறுத்தி, மேல் இமையோடு கண்ணை ஒரு கட்டைவிரலால் மெல்ல அழுத்தியபடி கீழ் இமையை மறு விரலால் இறக்கி, உள்சவ்வின் நிறத்தை உடனே அட்டையோடு ஒப்பிடுங்கள். 1 நல்ல சிவப்பு, 5 வெளுப்பு. வெள்ளாட்டுக்கு 3, 4, 5 என வந்தால் மருந்து தேவை. இரண்டு எண்களுக்கிடையே தயக்கம் வந்தால் வெளிறிய எண்ணையே கொள்ளுங்கள். மழைக்காலத்தில் இரண்டு வாரத்துக்கு ஒருமுறையாவது பாருங்கள்; சினையின் கடைசி வாரங்களிலும் பாலூட்டும்போதும் உள்ள தாய் ஆடுகளையும் குட்டிகளையும் தவறவிடாதீர்கள்.

மந்தை முழுவதற்கும் ஒரே நாளில் மருந்து ஊற்றும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். அப்படிச் செய்தால் மருந்துக்குத் தப்பிய புழுக்கள் மட்டுமே மிஞ்சி இனம் பெருக்கும். சிவந்த இமையுள்ள ஆடுகளை விட்டுவைத்தால் அவற்றிலுள்ள மருந்துக்கு மடியும் புழுக்களும் கலந்து, எதிர்ப்புத்திறன் பரவுவது தாமதப்படும். வெள்ளாட்டின் உடல் பல மருந்துகளைச் செம்மறியைவிட விரைவாகக் கழித்துவிடுவதால் செம்மறிக்கான அளவு போதாமல் போகலாம். அதற்காக நீங்களாகக் கூட்டிவிடாதீர்கள், குறிப்பாக லெவமிசோல் என்ற புழு மருந்து சற்று மிகுந்தாலும் நஞ்சாகும். ஆட்டை எடைபோட்டு, அந்த எடையைச் சொல்லி, கால்நடை மருத்துவரிடம் அளவு கேளுங்கள். மருந்து கொடுத்த அன்றும் பதினான்கு நாள் கழித்தும் புழுக்கையைப் பரிசோதிக்கக் கொடுத்து, முட்டை எண்ணிக்கை 95 விழுக்காடாவது குறைந்திருக்கிறதா என்று பார்ப்பது நல்லது. புழுக்கையில் அரிசிபோல் தெரியும் நாடாப்புழுத் துண்டுகளைக் கண்டு பதறுவோர் பலர். இரைப்பைக்குள் மறைந்திருக்கும் வயர்வார்மே அதைவிடப் பெரிய ஆபத்து.

இளம்புழுக்கள் தரையை ஒட்டியே மிகுதியாக இருப்பதால் புல்லை மொட்டையாக மேயவிடாமல், பனி உலர்ந்த பின்னரே ஆட்டை ஓட்டுங்கள். வேலமரத் தழையையும் மற்றக் குழைகளையும் உயரக் கட்டித் தொங்கவிட்டால் ஆடு அண்ணாந்து தின்னும், புழுவும் எட்டாது.

ஒரே பருவத்தில் மூன்று முறை மருந்து கேட்ட ஆட்டின் குட்டியை இனத்துக்கு நிறுத்த வேண்டாம். அந்த ஆட்டைத் திருவிழாவுக்கு விற்பதானால், மருந்துப் புட்டியில் இறைச்சிக்கென்று குறித்திருக்கும் நாட்கள் கழிந்த பிறகே கயிற்றை வாங்குபவர் கையில் கொடுங்கள்.