மோன் பிளாங்க் ஓட்டத்தில் இடம் பிடிக்க: கல், இண்டெக்ஸ், குலுக்கல்

மலைப்பாதை அல்ட்ரா, அதாவது மாரத்தானைவிட நீண்ட தூரம், ஓடுகிறவர்கள் ஒருநாளாவது மனக்கணக்குப் போட்டுப் பார்க்கிற ரேஸ் யுடிஎம்பி (அல்ட்ரா டிரெயில் டு மோன் பிளாங்க்). ஆகஸ்ட் கடைசியில் பிரான்சின் ஷாமொனியில் கிளம்பி, இத்தாலி, சுவிட்சர்லாந்து வழியாக மோன் பிளாங்க் மலைத்தொகுதியைச் சுற்றி மறுபடி ஷாமொனிக்கே வந்து முடியும். சுமார் 175 கி.மீ. தூரம், ஏறத்தாழ 10,000 மீட்டர் ஏற்றம், கட்-ஆஃப், அதாவது முடிப்பதற்கான நேர வரம்பு, 46 மணி 30 நிமிடம். அதே வாரத்தில் இரண்டு தம்பி ரேஸ்களும் உண்டு. கூர்மாயூரில் தொடங்கும் சிசிசி சுமார் 100 கி.மீ. ஓர்சியேரில் தொடங்கும் ஓசிசி சுமார் 60 கி.மீ.

மூன்றில் எதற்கும் பொதுவாகப் பணம் கட்டி நேரடியாகப் பெயர் கொடுக்க முடியாது. தகுதி வேண்டும், பிறகு குலுக்கலில் பெயர் வர வேண்டும். நல்ல ஓட்டக்காரர்கள்கூட விதியைப் பாதி படித்துவிட்டு ஒரு முழு வருடத்தைக் கோட்டைவிடுகிறார்கள். அதனால் முதலில் விதி, பிறகுதான் பயிற்சி.

கல் வேறு, இண்டெக்ஸ் வேறு

குலுக்கலில் சேர இரண்டு பொருள் கையில் இருக்க வேண்டும். ஒன்று ரன்னிங் ஸ்டோன், அதாவது கல். இன்னொன்று யுடிஎம்பி இண்டெக்ஸ். ஒன்று இருந்தால் மற்றது தானாக வந்துவிடும் என்று நினைப்பதில்தான் முக்கால்வாசிக் குழப்பமும்.

கல் என்பது குலுக்கல் சீட்டு. யுடிஎம்பி பெயரில் பல நாடுகளில் நடக்கும் வேர்ல்டு சீரிஸ் ரேஸ்களில் மட்டுமே கிடைக்கும், அதுவும் கட்-ஆஃபுக்குள் முடித்தால் மட்டும். 20 கே ரேஸ் முடித்தால் 1 கல், 50 கே-க்கு 2, 100 கே-க்கு 3, 100 மைலுக்கு 4. சீரிஸில் ‘மேஜர்’ என்று அறிவிக்கப்படும் சில ரேஸ்களில் இந்த எண்ணிக்கை இரட்டிப்பாகும். நான்கு கல் வைத்திருப்பவரின் பெயர் பெட்டிக்குள் நான்கு முறை விழும். பெயர் வராவிட்டால் கல் கணக்கில் அப்படியே இருக்கும். வந்துவிட்டால் சேர்த்த அத்தனையும் பூஜ்யமாகிவிடும்.

இந்தக் கடைசி வரியை இரண்டு முறை படிக்கலாம். பெரிய ரேஸுக்கென்று வருடக்கணக்கில் 10 கல் சேர்த்து வைத்திருப்பவர், ‘இந்த வருடம் ஓசிசி போட்டுப் பார்ப்போம்’ என்று விளையாட்டாகப் பெயர் கொடுத்து, அதில் தேர்வாகிவிட்டால், பத்துக் கல்லும் போய்விடும். எந்த ரேஸ் வேண்டும் என்று முடிவு செய்த பிறகே விண்ணப்பத்தைத் தொடுங்கள்.

இண்டெக்ஸ் என்பது ஓட்டத்திறனுக்கான மதிப்பெண். உச்சம் 1000. 20 கே, 50 கே, 100 கே, 100 மைல் என்று நான்கு பிரிவுகளுக்கும் தனித்தனியாக ஏறும். குலுக்கலைப் பொறுத்தவரை மதிப்பெண் 350-ஆ 700-ஆ என்று யாரும் பார்ப்பதில்லை. சரியான பிரிவில் செல்லுபடியாகும் இண்டெக்ஸ் இருக்கிறதா என்பதுதான் கேள்வி. யுடிஎம்பி ஓட 100 கே அல்லது 100 மைல் பிரிவு இண்டெக்ஸ் வேண்டும். சிசிசிக்கு 50 கே அல்லது அதற்கு மேல். ஓசிசிக்கு நான்கில் எதுவானாலும் சரி. ஆயுள் 24 மாதம். பாதியில் நின்றுவிட்ட ரேஸுக்கு இண்டெக்ஸ் கிடையாது.

இதில் நமக்கு ஒரு நல்ல வழி இருக்கிறது. இண்டெக்ஸ் வாங்க வேர்ல்டு சீரிஸுக்குத்தான் போக வேண்டும் என்பதில்லை. யுடிஎம்பி பட்டியலில் பதிவு செய்துகொண்ட உள்ளூர் டிரெயில் ரேஸ்களும் இண்டெக்ஸ் தரும், கல் மட்டும் தராது. ஆகவே கல்லை ஒரு நாட்டிலும் இண்டெக்ஸை இன்னொரு நாட்டிலும் வாங்கலாம். இந்தியாவில் ஒரு 100 கே முடித்து இண்டெக்ஸ் எடுத்துக்கொண்டு, தாய்லாந்தில் ஒரு 50 கே ஓடி 2 கல் வாங்கியவர், யுடிஎம்பி குலுக்கலுக்கே முழுத் தகுதி பெற்றுவிடுகிறார். தலைகீழாகச் செய்தால்தான் சிக்கல்: வெளிநாடு போய் 20 கே மட்டும் ஓடிவிட்டு வந்தால் கல் இருக்கும், யுடிஎம்பிக்கான இண்டெக்ஸ் இருக்காது.

எந்த ரேஸைப் பிடிப்பது

சென்னையிலிருந்தோ கோவையிலிருந்தோ புறப்படுகிறவருக்குப் பக்கமாக உள்ள வேர்ல்டு சீரிஸ் ரேஸ்கள் தென்கிழக்கு ஆசியாவில்தான். தாய்லாந்தின் சியாங் மாய் அருகே டோய் இந்தனோன், டிசம்பரில். மலேசியாவில் தைப்பிங். இன்னும் கொஞ்சம் தள்ளி ஹாங்காங்கின் டிரான்ஸ்லாண்டாவ். மலேசியா, சிங்கப்பூரில் இருப்பவர்களுக்குத் தைப்பிங் கிட்டத்தட்ட உள்ளூர். அங்குள்ள ஈரமும் வேர் பின்னிய செம்மண் சரிவும் நம்மூர்க் கடற்கரைச் சாலையில் மட்டும் ஓடிப் பழகியவர்களைச் சோதிக்கும். வெப்பம் மட்டும் நமக்குப் புதிதல்ல.

ரேஸின் பெயரில் உள்ள எண்ணை நம்பிப் பணம் கட்டாதீர்கள். ‘100’ என்று விளம்பரம் செய்யும் எல்லாமே 100 கே பிரிவில் வராது. தட்டையான தார்ச்சாலை ரேஸுக்கும் மைதானச் சுற்றுக்கும் இந்தக் கணக்கில் இடமே இல்லை. ரேஸின் யுடிஎம்பி பக்கத்தில் எந்தப் பிரிவு என்று போட்டிருக்கும், அதுதான் முடிவு. கடினத்தை ஒப்பிட எளிய கணக்கு ஒன்று புழக்கத்தில் உண்டு: கிலோமீட்டரோடு, ஏற்ற மீட்டரை 100-ஆல் வகுத்துக் கூட்டுங்கள். 100 கி.மீ., 2,500 மீட்டர் ஏற்றம் என்றால் 125. 50 கி.மீ., 3,000 மீட்டர் என்றால் 80. யுடிஎம்பி சுமார் 275. 125-ஐ 20 மணி நேரத்தில் முடித்துத் தவழ்ந்து வந்தவர் அடுத்த வருடமே 275-க்குப் பெயர் கொடுக்கத் தகுதி பெறுகிறார் என்பது உண்மைதான். விதி அனுமதிக்கிறது என்பதற்காக அது நல்ல யோசனை ஆகிவிடாது. நடுவில் 180, 200 அளவில் ஒரு ரேஸ், இரவு முழுக்க ஓடும்படியாக, முடித்திருப்பது நல்லது.

கல் வாங்கும் ரேஸில் வேகம் தேவையில்லை, முடிப்பது ஒன்றே தேவை. அதனால் தாராளமான கட்-ஆஃப் உள்ள ரேஸைத் தேர்ந்தெடுங்கள். மொத்த நேரத்தை மட்டும் பார்க்காமல் இடைநிலை கட்-ஆஃப்களையும் பாருங்கள். பல ரேஸ்களில் முதல் பெரிய ஏற்றத்துக்குப் பிறகு வரும் முதல் கட்-ஆஃபே இறுக்கமாக இருக்கும். அதில் 10 நிமிடம் பிந்தினால் கல்லும் போச்சு, டிக்கெட் பணமும் போச்சு.

பெயர், இனிஷியல்

தமிழர்களுக்கென்றே உள்ள ஒரு தொல்லை இது. பாஸ்போர்ட்டில் ‘கார்த்திக்’ என்பது பெயர் பகுதியிலும் அப்பா பெயரான ‘செல்வராஜ்’ குடும்பப்பெயர் பகுதியிலும் இருக்கும். உள்ளூர் ரேஸுக்கு ‘எஸ். கார்த்திக்’ என்று பதிவு செய்திருப்பார். தாய்லாந்துக்கு ‘செல்வராஜ் கார்த்திக்’. இன்னொன்றில் ‘கார்த்திக் எஸ்’. யுடிஎம்பி அமைப்பில் இவை மூன்று வெவ்வேறு ஓட்டக்காரர்களாக ஏறிவிடக்கூடும். இண்டெக்ஸ் ஒரு கணக்கில், கல் இன்னொரு கணக்கில். குலுக்கல் விண்ணப்பம் முடிய இரண்டு நாள் இருக்கும்போதுதான் இது கண்ணில் படும்.

பாஸ்போர்ட்டில் உள்ளபடி ஒரே எழுத்துக்கூட்டல், அதே பிறந்த தேதி, ஒரே மின்னஞ்சல்: முதல் ரேஸிலிருந்தே இப்படித்தான் எங்கும் பதிய வேண்டும். உள்ளூர் ரேஸ் முடிந்த இரண்டு மூன்று வாரத்தில் உங்கள் யுடிஎம்பி கணக்கைத் திறந்து முடிவு ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். ஏறாவிட்டால், அமைப்பாளர் முடிவுகளை அனுப்பினாரா என்று முதலில் அவரிடமே கேளுங்கள். அனுப்பியும் வேறு பெயரில் கிடந்தால், கணக்குகளை ஒன்றாக்கச் சொல்லி யுடிஎம்பிக்கு எழுதுங்கள். இதற்கெல்லாம் நாள் பிடிக்கும்.

விண்ணப்பம், தேர்வு, அதற்குப் பிறகு

முன்பதிவு டிசம்பர் வாக்கில் திறந்து புத்தாண்டையொட்டி மூடும், குலுக்கல் ஜனவரியில். துல்லியமான தேதியை அந்தந்த ஆண்டு அறிவிப்பில் பாருங்கள். விதிகளும் வருடத்துக்கு வருடம் சற்று மாறுகின்றன. போன வருடம் நண்பர் சொன்னதை வைத்துத் திட்டமிட வேண்டாம். குலுக்கலைத் தாண்டியும் வழிகள் உண்டு. வேர்ல்டு சீரிஸில் 50 கே, 100 கே, 100 மைல் ரேஸ்களில் முதல் மூன்று ஆண்கள், மூன்று பெண்களுக்கு நேரடி இடம் கிடைக்கும். அறக்கட்டளைகளுக்குப் பெரிய தொகை நன்கொடை தந்து வாங்கும் பிப்களும் (ஓட்டக்காரர் எண் அட்டை, அதாவது போட்டியில் ஓர் இடம்) உண்டு.

பெயர் வந்துவிட்டால் அடுத்த வேலை விசா. ஷெங்கன் விசாவுக்குப் பயணத்துக்கு ஆறு மாதம் முன்பே விண்ணப்பிக்கலாம், அதாவது பிப்ரவரி கடைசியிலிருந்து. கோடையில் அப்பாயின்ட்மென்ட் கிடைப்பது பெரும்பாடு, ஆகவே மே மாதத்தைத் தாண்ட விடாதீர்கள். ஜெனீவாவில் இறங்கினாலும் தங்குவதும் ஓடுவதும் ஷாமொனியில் என்பதால் பிரான்ஸ் விசாதான் கேட்க வேண்டும். 30,000 யூரோ மருத்துவக் காப்பீடு விசாவுக்குக் கட்டாயம். வழக்கமான டிராவல் பாலிசிகள் பல, மலை ஓட்டப் போட்டியை விலக்கி வைத்திருக்கும். சுவிட்சர்லாந்துப் பக்கம் ஹெலிகாப்டர் மீட்புக்குப் பணம் கேட்பார்கள். பாலிசியில் இவை பற்றிய பத்தியைப் படித்துவிட்டு வாங்குங்கள்.

பிரான்சில் ஓட்டப் போட்டிகளுக்கு டாக்டர் சான்றிதழுக்குப் பதிலாகப் பிபிஎஸ் என்ற இணையவழி உடல்நலப் படிவம் வந்திருக்கிறது. அதை முடித்து அதன் எண்ணைக் கணக்கில் ஏற்ற வேண்டும்.

கட்டாயப் பொருட்களும் நுழைவு நிபந்தனைதான். இல்லாமல் மாட்டினால் நேர அபராதம், சிலவற்றுக்கு நேரடி நீக்கம். இரண்டு ஹெட்லேம்ப், ஒவ்வொன்றுக்கும் மாற்று பேட்டரி; 1 லிட்டர் தண்ணீர் கொள்ளளவு; 1.40 மீ × 2 மீ உயிர்காப்புப் போர்வை, விசில், 100 செ.மீ. × 6 செ.மீ. ஒட்டும் எலாஸ்டிக் பேண்டேஜ். குடிக்கச் சொந்தக் கோப்பை. முழுக்கால் உடை, மழைப் பேன்ட், நீர்புகா கையுறை. நம்மவர்கள் தடுமாறுவது இரண்டு இடத்தில். முதலாவது மழை ஜாக்கெட். டூவீலருக்குப் போடும் ரெயின்கோட்டும் காற்றுக்கு மட்டும் தாங்கும் விண்ட்சீட்டரும் செல்லாது. தொப்பி ஜாக்கெட்டோடு சேர்ந்திருக்க வேண்டும், நீர்புகாத் திறன் 10,000 மி.மீ. அளவில் இருப்பது நல்லது. ஜாக்கெட்டை உள்பக்கம் திருப்பிப் பாருங்கள்: எல்லாத் தையல் மேலும் டேப் ஒட்டியிருக்க வேண்டும். தோள்பட்டைத் தையலில் ஒரு குவளைத் தண்ணீரை ஊற்றிச் சில நிமிடம் பொறுங்கள். உள்ளே கசிந்தால் இரவில் 2,500 மீட்டர் உயரக் கணவாயில் அது உதவாது.

இரண்டாவது போன். வேலை செய்யும் சிம் கட்டாயம். ஐரோப்பிய ஒன்றிய ஈ-சிம் பேக்குகள் சிலவற்றில் சுவிட்சர்லாந்து சேராது. வாங்கும் முன் நாடுகள் பட்டியலைப் பாருங்கள்.

வெஸ்டர்ன் ஸ்டேட்ஸ் பற்றியும்

கலிபோர்னியாவின் ஒலிம்பிக் வேலியிலிருந்து ஆபர்ன் வரை ஜூன் கடைசியில் நடக்கும் வெஸ்டர்ன் ஸ்டேட்ஸ் 100 மைலுக்கு முறையே வேறு. ஓடுகிறவர்கள் சுமார் 369 பேர், விண்ணப்பிப்பவர்கள் பல ஆயிரம். கல்லும் இல்லை, இண்டெக்ஸும் இல்லை. அவர்கள் வெளியிடும் பட்டியலில் உள்ள 100 கே அல்லது அதற்கு மேற்பட்ட ரேஸ் ஒன்றை, அதற்கெனக் குறித்த நேரத்துக்குள், குறித்த கால இடைவெளியில் முடித்திருக்க வேண்டும். யுடிஎம்பியும் நியூசிலாந்தின் தரவேராவும் அந்தப் பட்டியலில் இடம்பெற்றவை. தரவேரா வேர்ல்டு சீரிஸிலும் இருப்பதால் ஒரே ஓட்டத்தில் கல்லும் இந்தத் தகுதியும் சேர்ந்து கிடைக்க வழியுண்டு.

சீட்டு ஒவ்வொரு ஆண்டும் இரட்டிப்பாகும். முதல் முறை 1, தொடர்ந்து விண்ணப்பித்துக் கிடைக்காமல் போனால் 2, 4, 8, 16, 32, ஏழாம் ஆண்டில் 64. ஒரு சீட்டோடு போகிறவருக்கு வாய்ப்பு மிக மிகக் குறைவு, ஆகவே இதை நெடுநாள் திட்டமாக வைத்து, ஒவ்வொரு ஆண்டும் தகுதி ரேஸ் ஒன்றை நாட்காட்டியில் முதலில் எழுதிவிட வேண்டும். விண்ணப்பம் நவம்பரில், குலுக்கல் டிசம்பர் முதல் சனிக்கிழமை. பெயர் வந்தவரின் கார்டிலிருந்து கட்டணம் எடுக்கப்படும். நம் வங்கிக் கார்டுகளில் சர்வதேசப் பரிவர்த்தனை பெரும்பாலும் அணைத்தே இருக்கும், நவம்பரிலேயே அதைத் திறந்து, வரம்பையும் உயர்த்தி வையுங்கள். அமெரிக்க விசா நேர்காணலுக்குக் காத்திருப்பு நீளமாக இருப்பதால், விசாவைக் குலுக்கலுக்கு முன்பே எடுத்துவிடுவது புத்திசாலித்தனம். பல ஆண்டுகளுக்குச் செல்லும் விசா அது, முதல் குலுக்கலில் பெயர் வராவிட்டாலும் அடுத்தடுத்த முயற்சிக்கு உதவும்.